கேமரா பார்க்கும் முகம்

டாக்டர் நிரஞ்சனின் கார் லாயத்துக்குள் நுழைந்ததும் குதிரைக்காரர் காசிம் காறித் துப்பினார். அந்த ஆளைக் கண்டாலே அவருக்கு அப்படித்தான்.

பந்தய வாசலில் உள்ள கேமரா குதிரையின் முகத்தைப் பார்த்து வலிக்கு மார்க் போடும். மூன்றைத் தாண்டினால் ஓட விடமாட்டார்கள். முன்னங்கால் வீங்கி, காதை மடித்துக்கொண்டு நின்ற குதிரை மேகாவுக்குக் குறைந்தது ஏழு மார்க் வரும்.

டாக்டர் அதன் கண்ணுக்கு மேலே ஊசி போட்டார்.

"வீக்கம் கால்ல கீது சார்."

"கேமரா காலைப் பாக்காதுப்பா."

கொஞ்ச நேரத்தில் மேகாவின் முகம் அசைவில்லாமல் மழமழவென்று ஆகிவிட்டது. கால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிய படிப்பு, பெரிய வைத்தியம்!

டாக்டர் இன்னொரு ஊசியை நிரப்பினார்.

"நீயும் உக்காரு. இப்பல்லாம் குதிரையப் புடிச்சிட்டு வர்றவன் மூஞ்சியையும் கேமரா பாக்குது. உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் புடிச்சிட்டு வரட்டும்."

நொண்டும் குதிரையை எவனோ இழுத்துக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்துவிட்டு, காசிம் உட்கார்ந்தார்.

மறுநாள் கேமரா இருவருக்கும் பூஜ்யம் போட்டது. மேகா நொண்டிக்கொண்டே உள்ளே போனது. "சபாஷ்!" என்று டாக்டர் கை நீட்டினார்.

அந்தக் கையிலேயே துப்பிவிடத்தான் காசிம் பார்த்தார். உதடு குவியவில்லை. எச்சில் அவர் தாடியிலேயே வழிந்தது.