மடியில் பை

அம்மா பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மேடையில் செல்லோ வாத்தியத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு அவள் அதைத்தான் பார்த்தாள். இரண்டாம் வரிசை, கதவோரம், தவிட்டு நிறக் கைப்பை. பஸ் வந்ததும் ஏறிவிட வேண்டும் என்று இருப்பவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

நேற்று அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரே ஒருக்கா முழுசா உக்காந்து கேளும்மா. பாதியில எந்திரிச்சுப் போயிட்டீன்னா நான் இந்தக் குழுவையே விட்டர்றேன்."

அம்மா உடனே சரி என்றுவிட்டாள். யோசித்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள், அவளும் ஞாயிற்றுக்கிழமைதான் வாசிப்பாள். வீட்டில் சண்டை அவ்வளவுதான்.

குழுவில் ஆறு பேர். ஆளுக்கொரு வேலை. கோயம்புத்தூரில் எந்தப் பள்ளிக்கூடம் அரங்கம் கொடுக்கிறதோ அங்கே இலவசமாக வாசிப்பார்கள். உயிரோடிருப்பவர்கள் எழுதிய இசையை மட்டுமே வாசிப்பது அவர்களுடைய ஒரே விதி. கேட்க வந்தவர்கள் உயிரோடு வீடு திரும்பினால் சரி என்பது அவர்களுக்குள் ஒரு கேலி.

இன்றைக்கு வாசிப்பதை எழுதியவர் பீளமேட்டுக்காரர். கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தொடங்கினார்கள்.

அம்மாவின் கை எழுந்தது. பையின் மேல் தட்டியது. சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை.

சபாவில் அம்மா போடும் தாளத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கையைத் திருத்திக்கொள்வார்கள். இங்கே அந்தக் கை பாதியில் நின்றது. மறுபடி தட்டியது. மறுபடி வழுக்கியது.

இது எட்டு இல்லைம்மா, அஞ்சு. நேற்றே சொல்லியிருக்கலாம். மேடையிலிருந்து எப்படிச் சொல்வது?

கிளாரினெட் கீச்சிட்டது. கீச்சிட வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. அம்மாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

அம்மா பையின் வாரைத் தோளில் மாட்டினாள்.

போச்சு.

வில் ஒரு கம்பி தள்ளி விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. இந்த இசையில் அப்படி ஒரு வசதி உண்டு.

அப்போதுதான் மௌனம் வந்தது.

எழுதிவைத்த மௌனம். ஆறு பேரும் அசையாமல் மனதுக்குள் தாளத்தை எண்ண வேண்டும். முடிவில் அவள்தான் முதலில் வில்லைக் கம்பியில் வைக்க வேண்டும். அவள் வைத்தால்தான் மற்றவர்கள் தொடங்க முடியும்.

அவள் எண்ணவில்லை. வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து பேரின் கண்களும் அவள் வில்லின் மேல் இருந்தன.

பின்னால் யாரோ கைதட்டினார்கள். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். நாற்காலிகள் முனகின. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து, அம்மா வழி விடட்டும் என்று நின்றார்.

அம்மாவுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. முடிஞ்சுதுன்னு நெனச்சேன் கண்ணு என்பாள். அதற்குமேல் என்ன பேச முடியும்?

அம்மா வாரைத் தோளிலிருந்து கழற்றினாள்.

பையைத் தரையில் வைத்தாள்.

"உக்காருங்க தம்பி. இன்னும் முடியலைங்க."

குரல் மேடைவரை கேட்டது. கைதட்டல் வெட்கப்பட்டு அடங்கியது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் கை வெறும் மடியில் விழுந்தது. ஒரு தட்டு. சற்று நின்று, இரண்டு தட்டு. மறுபடி ஒரு தட்டு. சற்று நின்று, இரண்டு.

தட்டியது மூன்று, எண்ணிக்கை ஐந்து.

யாருமே வாசிக்காத அரங்கத்தில் அம்மா மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள்?

 இது எத்தனையாவது தாளச் சுற்று என்று, எண்ணத் தவறிய அவளுக்கு இனித் தெரியப்போவதில்லை. சுற்று எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் தெரிந்தது.

வில்லைக் கம்பிக்கு மேலே பிடித்துக்கொண்டு, அம்மாவின் கை இறங்கக் காத்திருந்தாள்.