சிவப்பு வரிசை

"யாரையாவது ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பித்தான் ஆகணுமா சார்?"

மேலாளர் அப்படிக் கேட்டபோது நிர்வாகி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஆகணும்மா. ஆனா யாருங்கிறதை நீங்களா முடிவு பண்ணாதீங்க. கணக்கு சொல்லட்டும். நாளைக்கு நம்மள யாரும் ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாது பாருங்க."

அது வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பிரிவு. நீளமான கூடத்தில் பன்னிரண்டு பேர். கூடத்தின் கோடியில், கண்ணாடி அறைக்குள் அவள். மேலாளராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதவியோடு வந்து சேர்ந்த அட்டவணை மென்பொருள் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தண்ணி காட்டியது. கூடத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம்தான். தனக்குக் கீழே இருப்பவர்களிடம் போய் 'தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. அதில் 'கத்துக்குட்டி' என்ற பெயரில் சேர்ந்துகொண்டாள்.

'அவசரம், யாராவது உதவுங்க' என்று அவள் போட்ட முதல் கேள்வியை யாரும் சீண்டவில்லை. 'பழைய சைக்கிள்' என்ற பெயர்கொண்ட ஒருவர் மட்டும் பொறுமையாக எழுதினார். என்ன செய்ய நினைத்தீர்கள், எப்படியெல்லாம் செய்து பார்த்தீர்கள், எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லுங்கள். ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டு மாதிரிக்கு ஒரு தாளைச் சேருங்கள். தீர்ந்ததும் 'தீர்ந்தது' என்று வந்து ஒரு வரி போடுங்கள், பின்னால் வருகிறவருக்கு உதவும்.

அதன்படி கேட்க ஆரம்பித்த பிறகு அவளுக்குப் பதில் வராத நாளே இல்லை. பெரும்பாலும் சைக்கிள்தான். காபி ஆறுவதற்குள் எழுதிவிடுவார். இவ்வளவு தெளிவாகக் கேட்கிறவர் கத்துக்குட்டி இல்லை, பெயரை மாற்றுங்கள் என்று ஒருமுறை கிண்டலும் செய்தார். அவளுடைய மாத அறிக்கைகளை நிர்வாகி மற்ற பிரிவுகளுக்கு உதாரணம் காட்டத் தொடங்கியிருந்தார்.

இப்போது இந்தக் கணக்கு. ஆறு மாதத்தில் யார் எத்தனை புகார்களை முடித்தார்கள் என்று தாளில் ஏற்றினாள். கடைசியில் இருப்பவரின் வரிசை சிவக்க வேண்டும். ஆனால் நிறம் இரண்டு வரிசைகளில் பரவியது. அதில் ஒன்று, பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த பெண்ணுடையது. கணக்கு சொன்னால் நாம் என்ன செய்ய முடியும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, பெயர்களை எடுத்துவிட்டு, ஊழியர்களின் பணி எண்களை மட்டும் வைத்துத் தாளை மன்றத்தில் போட்டாள்.

அன்று காபி ஆறியது. மாலை வரை பதில் இல்லை. காலையில் வந்து பார்த்தபோது நீளமாக எழுதியிருந்தார்.

நிறம் பரவியதைச் சரிசெய்திருந்தார்; இப்போது விடுப்பிலிருந்து திரும்பிய பெண்ணின் வரிசை மட்டும் சிவந்திருந்தது. அதோடு, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஒரு வரிசையில் சில மாதங்கள் காலியாக இருக்கின்றன, அது விடுப்பாக இருந்தால் இந்தக் கணக்கு அநியாயம், வேலைக்கு வந்த நாட்களுக்கு எத்தனை முடித்தார் என்றுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அதற்கான சூத்திரத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

அதைப் போட்டதும் அந்தப் பெண்ணின் வரிசை வெள்ளையாகி மேலே ஏறிவிட்டது. கடைசியில் ஒரே ஒரு வரிசை சிவந்து நின்றது. அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூலைக்காரர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். வேலை நேரத்தில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறார் என்று மேற்பார்வையாளர்கூட இரண்டொரு தடவை புகார் சொல்லியிருந்தார். அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. 'தீர்ந்தது. ஒரு பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றினீர்கள்' என்று மன்றத்தில் எழுதினாள். வழக்கமாகக் கிண்டலோடு வரும் சைக்கிள், 'நல்லது' என்று மட்டும் போட்டார்.

நிர்வாகி கையெழுத்துப் போட்ட உத்தரவு வந்த அன்று, மூலைக்காரரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். ஒளிவுமறைவு வேண்டாம் என்று திரையை அவர் பக்கம் திருப்பி, எப்படிக் கணக்கிட்டோம் என்று விளக்க ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

"வேணாம் மேடம். கணக்கு சரியாத்தான் இருக்கு."

"முழுசா பார்த்துடுங்க. மனசுல ஒரு குறை இருக்கக்கூடாது."

"குறை ஒண்ணுமில்ல. வேலை நேரத்துல மன்றத்துல உக்காந்து அடுத்தவங்களுக்குப் பதில் எழுதிக்கிட்டிருந்தது என் தப்புதான். கேக்கிறவங்க அவ்வளவு அழகா கேக்கும்போது விட்டுட்டு எந்திரிக்க மனசு வரல."

அந்த ஆறு மாதத்தில் மன்றத்தில் யார் அதிகம் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். மேஜைமேல் இருந்த உத்தரவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், அதனால் இனி எதுவும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும்.

"இந்த சூத்திரத்தை எழுதினது..." அவள் திரையைக் காட்டினாள். "இது நம்ம ஆபீஸ் தாள்னு, இதுல உங்க வரிசையும் இருக்குன்னு, தெரியாமத்தானே எழுதிக் கொடுத்தீங்க?"

அவர் உத்தரவை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் நம்பர் எனக்குத் தெரியாதா மேடம்? அதனாலதான் அன்னைக்குப் பதில் எழுத எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு."