கிளாஸியா, மேட்டா?

எங்கள் ரியல் எஸ்டேட் அலுவலகத்தின் மேற்கு ஜன்னல் முழுக்க, வெளிச்சம் ஊடுருவும் ஸ்டிக்கரில் முதலாளி தெய்வநாயகத்தின் சிரித்த முகம் வரவேண்டுமாம்.

"மேல மேட் லேமினேஷன் போட்டா வெயில் மங்கலா பரவும் சார். கிளாஸின்னா படம் அப்படியே தரையில விழும்" என்றார் ஸ்டிக்கர் கடைக்காரர்.

"என் மூஞ்சி மங்கலா தெரியணுமா? கிளாஸியே போடுங்க."

இப்போது மதியமானால் அந்தப் பல்லிளிப்பு வண்ண வெயிலாகத் தரையில் விழுந்து நகர்கிறது. "எவனும் என் மூஞ்சிய மிதிக்கக் கூடாது, சுத்திப் போங்கடா" என்று உத்தரவு. ரொம்பப் பணிவாகச் சுற்றிப் போகிறோம். நாலு மணிக்கு முகம் கழிவறை வாசல் கால்மிதியில் வந்து படுக்கும். அங்கே சுற்றிப் போக வழியில்லை. அது நகரும்வரை அலுவலகமே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.