அக்கா, இருக்கியா?

இலையுதிர் காலத்தில் தோட்டக்காரர் இரண்டு துலிப் கிழங்குகளை ஒரு சாண் இடைவெளி விட்டுப் புதைத்து, மண்ணைத் தள்ளி மூடினார்.

"பனி முடியுற வரைக்கும் தூங்கணும்," என்றது பெரிய கிழங்கு. "பேசக் கூடாது. மேலே எலி நடமாடுது, சத்தம் கேட்டா தோண்டிடும்."

சின்னக் கிழங்குக்கு அந்த இருட்டு பிடிக்கவில்லை. "அக்கா, இருக்கியா?" என்றது.

"இருக்கேன். தூங்கு."

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. முடியவில்லை. "அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டி. வாயை மூடு."

பதில் வந்ததும் பயம் போய்விடும். ஆனால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். உடனே சின்னது கேட்கும். அக்காவும் திட்டிக்கொண்டே பதில் சொல்லும்.

ஒருநாள் பக்கத்தில் மண்ணைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. பிறகு எதையோ நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

சின்னது நடுங்கிப்போய், வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டது. "அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

குரல் ஏனோ கரகரப்பாக இருந்தது. குளிருக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று சின்னது நினைத்துக்கொண்டது. பதில் வந்ததே போதும்.

"நீ எந்தப் பக்கம் இருக்கே?" என்றது அந்தக் குரல். "இன்னொரு தடவை கூப்பிடு."

சின்னது கூப்பிட்டது.