ஒரே சத்தம்

மஹேஷ் இன்றைக்கு ஓரிடத்தில்கூடத் தப்பு விடவில்லை! மொளகூட்டலைக் கிளறிக்கொண்டிருந்த பாகீரதி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

மூடிய அறைக்குள் பேஸ் கிட்டார் தும் தும் என்று அதிர்ந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் பழைய ராக் பாட்டுகளுக்கு பேஸ் வாசிக்கச் சொல்லித்தரும் வீடியோவைப் போட்டுக்கொண்டு மஹேஷ் கூடவே வாசித்துப் பழகுவான். மாதக்கணக்காக வலியசாலைத் தெருவுக்கே தலைவலி. எதிர்வீட்டு ராமசுப்ரமணியன் அந்த நேரம் பார்த்து ஜன்னலைச் சாத்திவிடுவார்.

வீடியோ வாத்தியார் முன்னால் ஓட, பிள்ளை தட்டுத்தடுமாறிப் பின்னால் ஓடுவான். எப்போதும் ரெண்டு சத்தம் கேட்கும். இன்றைக்கு ஒரே சத்தம். அடேயப்பா, வாத்தியாரோடு அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டானே!

அவளுக்கு அழுகை முட்டியது. நேற்று பேசிய பேச்சு அப்படி.

"உனக்கு இந்த ஜன்மத்துல வராதுடா! அதைத் தலையைச் சுத்தி விட்டெறிஞ்சுட்டு ஜோலிக்குப் போற வழியைப் பாரு" என்று கத்தியிருந்தாள். பெற்றவள் பேசுகிற பேச்சா அது!

சிநேகிதன் பிரஜினின் பாட்டுக் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய் வாசித்துக் காட்டினால் மஹேஷைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவன் அப்பா வெங்கடகிருஷ்ணன் அதற்குள் சாலை பஜாரில் குற்றாலலிங்கத்தின் மளிகைக் கடையில் அவனுக்குக் கணக்கு வேலை பேசி முடித்துவிட்டார். நாளைக் காலையில் சேர வேண்டும். அங்கே ஞாயிறும் லீவு கிடையாது.

பாகீரதி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

"ஏன்னா, காதுல விழறதோ? எத்ர நன்னா வாசிக்கறான் பாருங்கோ!"

"கேட்டுண்டுதான் இருக்கேன். அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"கடை வேலை வேண்டாம்னு சொல்லிடுங்கோ. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை அவனுக்குக் குடுத்தா என்ன கெட்டுப்போயிடும்? நம்ம குழந்தையாக்கும்!"

வெங்கடகிருஷ்ணன் பேப்பரை மடித்து வைத்தார். கொஞ்ச நேரம் அந்த அறைப் பக்கமே காதைக் கொடுத்திருந்தார். பிள்ளை தினமும் வழுக்கி விழும் இடம்கூட வழுவழுவென்று கடந்து போயிற்று. மனுஷர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, வெங்கடகிருஷ்ணன் பேசறேன். க்ஷமிக்கணும். பையன் நாளைக்கு வரமாட்டான். அவனுக்கு வேற வழி தொறந்திருக்கு."

"சரி சாமி. இன்னொரு பய இந்த வேலைக்குக் காத்துக் கெடக்கான். அவனையே போட்டுருதேன்" என்றது மறுமுனைக் குரல். போன் கட்டாகிவிட்டது.

பாகீரதிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் அறைக் கதவைத் தள்ளினாள்.

"டேய் மஹேஷ்! கடைக்குப் போகவேண்டாம்டா! அப்பா வேண்டாம்னு சொல்லிட்டார். நீ ஞாயித்துக்கிழமை போய் வாசிடா கண்ணா!"

மேஜைமேல் ஸ்பீக்கர் அதிர, செல்போனில் அந்த வெள்ளைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். மஹேஷின் கையில் இஸ்திரிப் பெட்டி. நாளைக்குக் கடைக்குப் போட்டுக்கொண்டு போக வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"கிட்டாரைக் காலம்பறயே வித்துட்டேனேம்மா."