பனிக்குக் காத்திருந்த தெரு

முதல் வீட்டுக்குப் பத்தடி முன்னால் புல்டோசர் நின்றது. அதை மறித்துக்கொண்டு எங்கள் முதலாளி கூர்தாத் நின்றார், இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டபடி.

முப்பது வருடம் பாலமும் பள்ளிக்கூடமும் கட்டிய கான்ட்ராக்டர். அறுபது வயதில் படம் எடுக்கிறேன் என்று கிளம்பினார். செட்டுக்குப் பலகையும் அட்டையும் போதும் என்று பாரிஸ் சினிமாக்காரர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். மனிதர் கேட்டால்தானே.

கருங்கல்லில் பதினோரு வீடு, சுவரோடு சுவர் ஒட்டி. கட்டியது நாங்கள், நான் அவருடைய மேஸ்திரி. கேமராவில் தெரியாத பின்சுவரையும் பூசச் சொன்னார். பாரிஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. பனி மூடிய இந்தத் தெருவில் நாயகி நடந்து போகவேண்டும். அது இல்லாவிட்டால் படமே இல்லை.

நவம்பர் பாதியாகியும் எங்கள் ஓப்ராக் மலைமேட்டில் பனி விழவில்லை. வேலையில்லாமல் நாங்கள் வீடு திரும்பி ஒரு மாதமாகிவிட்டது. நிலத்தைக் கொடுத்த ஊர் மன்றம், கெடு முடிந்தது என்று இடிக்க உத்தரவு வாங்கிவிட்டது. அன்று காலை செய்தி கேட்டுத்தான் ஓடி வந்திருந்தேன்.

கோர்ட் அமீனா காகிதத்தை நீட்டினார். முதலாளி கையை வெளியே எடுக்கவில்லை.

"குளிர்காலம் முடியற வரைக்கும் குடியிருக்கறவங்கள வெளிய தள்ளக் கூடாது. சட்டத்த உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அமீனா சிரித்தே விட்டார்.

"முசியே, இது சினிமா செட்டு. இதுல எவன் குடியிருக்கான்?"

"கதவத் தட்டிப் பாருங்க."

மனிதர் சும்மா நேரம் கடத்துகிறார், இன்னும் இரண்டு நிமிடத்தில் மானம் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அமீனா தட்டினார்.

கதவைத் திறந்தது முதலாளியின் மனைவி மதாம் ஓதீல். காலில் வீட்டுச் செருப்பு, கையில் பாதி நறுக்கிய வெங்காயம். புல்டோசரையும் அமீனாவையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க வீட்ட வித்துத்தான் இந்தப் படத்துல போட்டிருக்காரு. பதினோரு வீடு கட்டின மனுஷன், ஒண்ணுல பொண்டாட்டியோட இருக்கக் கூடாதா?"

யாரும் சொல்லாமலே டிரைவர் இன்ஜினை அணைத்தான்.