ஸுல்பிகா என்று தேடினால்

"உன்ட ராத்தாட பேரத் தேடினா ஜெமீலாட கடை வருது. பாத்தியா?"

தேநீர்க் கடையில் கூட்டாளி றஸ்மி நீட்டிய போனைப் பார்த்ததும் றிபாஸ் கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

'ஸுல்பிகா அபாயா' என்று கூகிளில் தட்டியிருந்தான் றஸ்மி. முதலாவதாக வந்து நின்றது ஜெமீலா தையலகம். கீழே ஒரு வரி: 'ஸுல்பிகா ராத்தாவின் அபாயாவைத் தேடுகிறீர்களா? இங்கே வாருங்கள்…'

மிச்சத்தைப் பார்க்க விரலை வைக்கப் போனான் றிபாஸ். றஸ்மி போனை இழுத்துக்கொண்டான். திறந்தால் அவளுக்கு ஒரு ஆள் கூடிவிடும், ஆள் கூடக் கூடத்தான் கூகிள் அவளை மேலே தூக்கும் என்றான். எதிரிக்கு ஏணி வைத்துக் கொடுக்க றிபாஸ் என்ன மடையனா? திறக்கவில்லை.

அவன் கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அக்கா ஸுல்பிகாவின் புருஷன் மௌத்தாகி மூன்று மாதம். விதவைக்குரிய இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வாசல் தாண்ட மாட்டாள், வெளி ஆண்களோடு கதைக்கவும் மாட்டாள். அபாயா அங்கி தைக்கும் மெஷினை மூடி வைத்துவிட்டாள். இத்தா முடிந்ததும் அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அந்த மெஷின்தான் சோறு போட வேண்டும். வாடிக்கைக்காரர்கள் அதற்குள் வேறு இடம் பழகிவிட்டால் அவள் கதி என்ன?

அதுவும் யார் இந்த ஜெமீலா? ஐந்து வருடம் ஸுல்பிகாவின் வீட்டிலேயே இருந்து வெட்டவும் தைக்கவும் படித்தவள். போன வருடம்தான் சாய்ந்தமருதில் தனியாகக் கடை போட்டாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதான்.

றிபாஸ் நேரே கல்முனைக்குப் போனான். ராத்தாவுக்கும் ஜெமீலாவுக்கும் இணையத்தளம் செய்து கொடுத்தவன் சுஜிந்தன், காரைதீவுப் பெடியன்.

"என்ட ராத்தாட பேர அவட கடைக்கு ஆர் போட்ட?"

"அவங்கதான் போடச் சொன்ன, காக்கா."

சுஜிந்தன் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆட்கள் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறார்களோ அதைத் தளத்தில் வைத்தால்தான் வியாபாரம் என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னானாம். 'பெருநாள் அபாயா', 'கல்யாண அபாயா', கூடவே ஊர்ப் பேர் என்று பட்டியலே எழுதிக் கொடுத்தானாம். ஜெமீலா அதைத் தள்ளி வைத்துவிட்டாளாம். இப்போதைக்கு ஸுல்பிகாவின் பேர் மட்டும் போதும், அதை எத்தனை விதமாகத் தட்டுவார்களோ அத்தனை விதமாகவும் போடு என்றாளாம்.

"காக்கா, முதல்ல அந்தப் பக்கத்த ஒருக்கா…"

மிச்சத்தைக் கேட்க றிபாஸ் அங்கே நின்றால்தானே.

வீட்டுக்கு வந்து ராத்தாவிடம் சொன்னான். ஜெமீலாவா என்று கேட்டாள் ஸுல்பிகா. பிறகு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு அவனுக்குப் பொறுக்கவில்லை. இத்தாவில் இருக்கிற ஒரு பெண்ணின் வயிற்றில் அடிக்கிறவளும் ஒரு மனுஷியா? அன்றைக்கே பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மனு எழுதினான். போனில் வந்ததைக் கலரில் பிரதி எடுத்து மனுவோடு இணைத்தான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு விசாரணை. தலைவர் அப்துல் ஹமீட் ஹாஜியார் நடுவில் இருந்தார். ஜெமீலா தன் உம்மாவோடு வந்து ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். றிபாஸ் பத்து நிமிடம் நின்றபடியே பொரிந்து தள்ளினான். உண்ட வீட்டுக்கு இரண்டகம், பேர்க் களவு, ஹறாமான சம்பாத்தியம், ஒன்றையும் விடவில்லை.

ஹாஜியார் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன எழுதிரிக்கி?"

"துறக்கல்ல, ஹாஜியார். துறந்தா அவவுக்கு லாபம்."

ஹாஜியார் தன் போனை எடுத்தார். தட்டினார், திறந்தார், உரக்க வாசித்தார்.

'ஸுல்பிகா ராத்தா இத்தாவில் இருக்கிறா. இத்தா முடிந்ததும் திரும்பவும் தைப்பா, இன்ஷா அல்லாஹ். அவவைத் தேடி வந்தவர்களின் ஓடரை நாங்கள் எடுக்க மாட்டோம். உங்கள் பேரையும் அளவையும் இங்கே எழுதிவிட்டுப் பொறுத்திருங்கள். ராத்தாவே தைத்துத் தருவா.'

கீழே பேர்கள். மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, கட்டாரில் இருந்துகூட ஒருத்தி. ஹாஜியாரின் விரல் இழுக்க இழுக்கப் பட்டியல் முடியவில்லை.

றிபாஸ் லேசில் விடுகிறவன் இல்லை. ராத்தாவுக்குத்தான் சொந்தத் தளம் இருக்கிறதே, அங்கேயே எழுதுவார்களே, இவள் எதற்கு நடுவில் என்று கேட்டான்.

ஜெமீலா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அது மூடி ரெண்டு மாசம், காக்கா. வருஷா வருஷம் புதுப்பிக்கோணும். மச்சான் மௌத்தாக முந்தி அவரு செஞ்சாரு. இந்த முற சுஜிந்தன் உங்களுக்கு மூணு தரம் எடுத்துச் சொன்ன. பாப்பம், பாப்பம் எண்டீங்களாம். தேடுறவங்களுக்கு ஒண்டும் வராட்டி, ராத்தா தையல உட்டுட்டா எண்டு போயிருவாங்களே."



ஹாஜியாருக்கு இப்போது கோபம் ஜெமீலா மேல் வந்தது. "இதெல்லாத்தையும் அண்டைக்கே ஸுல்பிகாட்டப் போய்ச் சொல்லிரிக்கலாமே, புள்ள. இவ்வளவு பேச்சும் எதுக்கு வாங்கின?"

"கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பாக்கிறன்தான். போற நேரமெல்லாம் ராத்தா, 'மச்சான் போனாலும் எனக்குத் தம்பி இரிக்கான்' எண்டு சொல்லிக்கிட்டு இரிக்கா. அதப் போய் எப்பிடி ஹாஜியார் உடைக்கிற?"